தாய்மாமன் பட்டமும் மூன்று கேமராவும்

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால் நீங்கள் இருவரும், வீடியோ எடுக்கிறார் என்று சொல்லிவிடுகிறீர்கள். அது பாதிதான் சரி. எடுப்பது ஒரு நாள் வேலை. எடுத்ததையெல்லாம் கோர்த்து ஒரு படமாக்குவதுதான் பெரிய வேலை. நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, சத்தம் போடாதீர்கள் என்று உங்களை அதட்டுகிறேனே, அப்போது நடப்பது அந்த வேலைதான்.

அதை இப்போது விளக்கமாகச் சொல்லப்போகிறேன். அது தெரியாவிட்டால் உங்கள் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது உங்களுக்குப் புரியாது. சொந்தக்காரர்கள் நடுவில் ஒரு பேச்சு ஓடுகிறது. கூடப்பிறந்தவள் மகளுக்குப் பட்டம் கட்டக்கூடக் கேமராவை விட்டு வராதவன் உங்கள் அப்பன் என்று. உங்கள் காதிலும் விழுந்திருக்கும். போன மாதம் சின்னவன் என்னிடமே கேட்டுவிட்டான். நேரில் சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

ஒரு கல்யாணத்துக்கு மூன்று கேமரா வைக்கிறோம். ஒன்று மேடைக்கு நேராக, என் கையில். இன்னொன்று மேடைக்குப் பக்கவாட்டில், என் நண்பர் கையில். வாரம் முழுக்க ரயிலில் பெங்களூர்க் கம்பெனிக்குப் போய்வருகிற அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வருவார். மூன்றாவது கேமரா மண்டபத்தின் பின்பக்கம் உயரமான ஸ்டாண்டில் ஆள் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதில் மேடை முழுதும் தெரியும், ஆனால் தூரத்தில், யார் கையில் என்ன இருக்கிறது என்று பிரித்துத் தெரியாது. கல்யாணம் முடிந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டால், திரையில் மூன்று கட்டம் பக்கம் பக்கமாக ஓடும். ஒரே நேரம், மூன்று பார்வை. நான் பார்த்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தானைத் தட்டுவேன். எதைத் தட்டுகிறேனோ அதுதான் படத்தில் வரும். மற்ற இரண்டும் அடியில் கிடக்கும். நீங்கள் பார்க்கிற எந்தக் கல்யாண வீடியோவிலும் மூன்றில் இரண்டு பங்கு உங்கள் கண்ணுக்கு வராமல் போனதுதான்.

ஆனால் அதற்கு முன்னால் மூன்றையும் ஒரே நேரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூன்று கேமராவையும் ஒரே நொடியில் யாராலும் அமுக்க முடியாது. நடுவில் பேட்டரி மாற்றுவோம், கார்டு மாற்றுவோம். எல்லாம் துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். நான் படித்தது பத்தாவது வரைக்கும். இந்த சாஃப்ட்வேரை போனில் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு வசதி இருக்கிறது. கேமராக்களில் பதிவான சத்தத்தை அதுவே ஒத்துப்பார்க்கும். இந்தத் துண்டில் கேட்கிற சத்தம் அந்தத் துண்டில் எங்கே கேட்கிறது என்று தேடி, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திவிடும். பெரும்பாலும் சரியாகப் பொருத்தும்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

உங்கள் அத்தை எனக்கு வெறும் அக்கா இல்லை. என் அம்மா உடம்புக்கு முடியாமல் மைன் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்த காலத்தில், அப்பா எந்த ஷிஃப்டில் இருந்தாலும் எனக்கு நேரத்துக்குச் சோறு போட்டவள் அவள். தங்கச் சுரங்கக் கழிவைக் கொட்டிய சைனடு மண்மேட்டிலிருந்து புழுதி கிளம்புகிற மாதங்களில் தன் தாவணித் தலைப்பால் என் மூக்கைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் கூட்டிப்போனவள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அவள் மகளுக்குத் தாய்மாமன் என்றால் நான்தான். இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே கிடையாது.

நம் வடாற்காட்டுப் பக்கத்து வழக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நெற்றியில் பட்டம் கட்டுவார்கள். தங்கத் தகட்டை மஞ்சள் நூலில் கோர்த்தது. முதல் பட்டம் தாய்மாமன் கட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். கோலாருக்கு மண் வெட்ட வந்த நம் பெரியவர்கள் ஊர், நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார்கள், இதை மட்டும் விடவில்லை. தாய்மாமன் செத்துப்போயிருந்தால் அவன் மகனைத் தேடிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். உயிரோடு மண்டபத்தில் இருக்கிறவனை விட்டுவிட்டு இன்னொருவர் கட்டினார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

கல்யாணம் பேசி முடித்ததும் அக்கா பேத்தமங்களாவிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். மாப்பிள்ளை வீடு பெங்களூர். அந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. பெங்களூரில் தண்ணீர் லாரிகள் வைத்திருக்கிறார், நல்ல நிலைமை. அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வீடியோவை நீதான் எடுக்க வேண்டும், வெளியாள் எதற்கு என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று கேமரா வைக்கிறேன், அதுதான் தாய்மாமன் சீர் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். உங்கள் அம்மா அப்போதே முகத்தைச் சுளித்தாள். சீர் என்றால் தட்டில் வைத்து எடுத்துப்போவது, தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டேன்.

ஏற்பாட்டைத் தெளிவாகத்தான் பேசினோம். பட்டம் கட்டுகிற நேரம் வந்ததும் அக்கா என்னைப் பார்த்துத் தலையசைப்பாள். நான் என் கேமராவை நண்பர் கையில் கொடுத்துவிட்டு மேடை ஏறுவேன். "நான் கூப்படறேன்டா, நீ வேட்டிய மட்டும் மறக்காம கட்டிக்கினு வா" என்றாள். கட்டிக்கொண்டுதான் போனேன். புது வேட்டி, புதுச் சட்டை. காலையில் ஒயர் இழுத்து, லைட் கட்டி, ஸ்டாண்டைத் தூக்கி மாற்றி வைத்ததில் முகூர்த்தத்துக்கு முன்பே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதிலிருந்து என்னை "ஏ வீடியோ" என்றுதான் கூப்பிட்டார்கள். ஏ வீடியோ, இங்கே வா. ஏ வீடியோ, எங்கள் பெரியம்மாவை எடுத்தாயா. நான் ஒவ்வொருவரிடமும் போய், நான் பெண்ணுக்குத் தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டா நிற்க முடியும்? இதோ வருகிறேன் சார் என்று போனேன். வேலை என்றால் அப்படித்தான்.

முகூர்த்த நேரம். மேடையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் உங்கள் அம்மா கொண்டுவந்து வைத்த நம் பட்டம். இன்னொன்றில் பெங்களூர் அண்ணன் கொண்டுவந்தது. ஐயர் தாய்மாமனைக் கூப்பிடுங்கள் என்று மைக்கில் சொன்னார். நான் கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு அக்காவின் தலையசைப்புக்காகக் காத்திருந்தேன். நடுவில் நின்றவர்கள் அவளைக் கொஞ்சம் மறைத்தார்கள். அவள் நிமிர்ந்தாள். நேராக என் கேமராவைப் பார்த்தாள். கண்ணில் ஒரு தவிப்பு. இதோ கூப்பிடுகிறாள் என்று நான் கேமராவைக் கழற்றப் போனேன். அதற்குள் அண்ணன் குனிந்து பெண்ணின் நெற்றியில் பட்டத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அரிசியைத் தூவினார்கள்.

என் கை கேமராவை விட்டு வரவில்லை. பழக்கம். முழுக்க எடுத்தேன். நம் பட்டமும் பிறகு கட்டப்பட்டது, நாலைந்து பேருக்குப் பின்னால். அதைக் கட்டியது அக்கா வீட்டுக்காரரின் தங்கை. அதையும் நல்ல க்ளோசப்பில் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் அம்மா மேடைக்குக் கீழே நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காதவன் போலக் கேமராவைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் சாப்பிடவில்லை. உங்க அக்கா பண்ண வேலைதான் இது என்றாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அக்காவின் கண்ணை நான் பார்த்தேன், அவள் என்னைத் தேடினாள், யாரோ அவளை அவசரப்படுத்திவிட்டார்கள் என்று சாதித்தேன். "உங்க அக்காவ நீங்கதான் மெச்சிக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் படுத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாமாவே, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், போன் செய்தார். மற்ற பேச்செல்லாம் பேசிவிட்டு, "இன்னா மச்சான், பட்டத்துக்கு நீ ஏன் மேல வரல? நான் உன்னத்தான் பாத்துக்கினு இருந்தேன்" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவை அவசரப்படுத்தியது இவராகத்தான் இருக்கும், செய்வதையும் செய்துவிட்டு நக்கல் வேறா என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே எடிட்டிங்கில் உட்கார்ந்தேன். முதலில் பார்த்தது அந்த இடத்தைத்தான். மூன்று கட்டத்தையும் ஒன்றாக ஓடவிட்டேன். பின்பக்கக் கேமராவில் மேடை ஓரத்தில் மாமா நிற்கிறார். கையை உயர்த்தி வேகமாக ஆட்டுகிறார், ஆகட்டும் ஆகட்டும் என்பதுபோல. அடுத்து என் கேமராவில் அக்கா நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள். அதற்குப் பிறகு பக்கவாட்டுக் கேமராவில் அவள் கை அண்ணன் தட்டை எடுக்கிறது. அண்ணன் தாடையால் என் பக்கம் காட்டி ஏதோ கேட்கிறார். அவள் தலையசைத்து மறுத்துவிட்டுத் தட்டை அவர் கையில் கொடுக்கிறாள். மேளச் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. ஆனால் வரிசை தெளிவாக இருந்தது. மாமா அவசரப்படுத்துகிறார், அக்கா என்னைத் தேடுகிறாள், வேறு வழியில்லாமல் தட்டைக் கொடுக்கிறாள்.

நான் உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு தடவை பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். ஜெயித்துவிட்டதாக எனக்கு எண்ணம். உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அந்த மாதத்தில் மாமா நம் பாலகாட் பக்கம் வந்தவர், நம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். நான் உள்ளேயே இருந்துகொண்டு, அப்பா வீட்டில் இல்லை என்று உங்களைச் சொல்லச் சொன்னேன். அவர் ஒரு பையில் பலாச்சுளை கொடுத்துவிட்டுப் போனார். அதை நான் தொடவில்லை. நீங்கள் தின்றீர்கள்.

படத்தை வரிசையாகக் கோர்த்துக்கொண்டு வந்தேன். மறுபடி அந்த இடம் வந்தது. இந்தத் தடவை வேறு ஒன்று கண்ணில் பட்டது. கல்யாணத்தில் போட்டோக்காரர் ஃபிளாஷ் அடித்தால் மூன்று கேமராவிலும் ஒரு கணம் வெள்ளையடிக்கும். பட்டம் கட்டுகிற இடத்தில் என் கேமராவிலும் பின்பக்கக் கேமராவிலும் வெள்ளையடிக்கிறது. பக்கவாட்டில் அடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பிறகு அடிக்கிறது. ஒரே ஃபிளாஷ் ஒரு கேமராவுக்கு முன்னாலும் இன்னொன்றுக்குப் பின்னாலும் எப்படி அடிக்கும்?

காரணம் உடனே புரிந்தது. பட்டத்துக்குச் சற்று முன்னால்தான் நண்பர் பேட்டரி மாற்றினார். அதனால் அவர் கேமராவில் அந்த இடம் மட்டும் தனித் துண்டாக இருந்தது. அந்தத் துண்டு முழுக்க மேளம். மேளம் ஒரே தாளத்தைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேருக்கு முதல் சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு சுற்று தள்ளிப் பொருத்திவிட்டது. சில விநாடிதான்.

நான் அந்தத் துண்டைப் பிடித்து முன்னால் இழுத்து, மூன்று வெள்ளையும் ஒன்றாக நிற்கும்படி வைத்தேன். ஓடவிட்டேன்.

இப்போது அக்காவின் கை முதலில் வந்தது. ஐயர் மைக்கில் கூப்பிட்ட மறுகணமே அவள் கை நம் தட்டைத் தாண்டிப் போய் அண்ணன் தட்டை எடுக்கிறது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அண்ணன் தாடையால் என்னைக் காட்டிக் கேட்கிறார், தம்பி இருக்கிறானே என்று கேட்டிருப்பார். அவள் தலையசைத்து மறுக்கிறாள். தட்டைக் கொடுக்கிறாள். அதைப் பார்த்த பிறகுதான் மாமா கையை ஆட்டுகிறார், அதுவும் மேளக்காரர்களைப் பார்த்து, கெட்டிமேளத்துக்கு. எல்லாம் முடிந்த பின்னால் அக்கா நிமிர்ந்து என் கேமராவைப் பார்க்கிறாள். நான் தவிப்பு என்று நினைத்த அந்தப் பார்வை, கொடுத்து முடித்த பிறகு வந்தது. கூப்பிடுவதற்குப் பார்க்கவில்லை. நான் கவனித்துவிட்டேனா என்று பார்த்திருக்கிறாள்.

எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் முதல் நாளே சொன்னதுதானே இது. மாமாவுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தேன். என்ன சொல்வது? உங்கள்மேல் தப்பில்லை, உங்கள் பெண்டாட்டிமேல்தான் என்றா? போனைக் கீழே வைத்துவிட்டேன்.

படத்தை முடித்துக் கொடுப்பதற்கு முன் வீட்டாரைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டுவது என் வழக்கம். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர்கள் சொல்லலாம். சண்டைக்காரச் சித்தப்பாவை எடுத்துவிடு என்பார்கள், பாட்டி தூங்குவதை எடுத்துவிடு என்பார்கள். அக்கா ஒரு மத்தியானம் தனியாக வந்தாள். உங்கள் அம்மா காப்பியை வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள். அக்கா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, நான் மூணு மூணா தெரியறேன்?"

"மூணு கேமராக்கா. இதுல ஒண்ணத்தான் எடுக்கணும்."

"யப்பா, ஒண்ணுல பாத்தா ஒல்லியா இருக்கேன், ஒண்ணுல பாத்தா பீப்பா மாதிரி இருக்கேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு வரவில்லை.

அந்த இடத்துக்குக் கொண்டுபோய் ஓடவிட்டேன். அவள் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது. திரும்பப் போடச் சொன்னாள். போட்டேன். காப்பி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"சைடுல இருந்து எடுத்தது வேணாம். நேரா பாக்கறேன் பாரு, அத வை."

"ஏன்க்கா?"

"அதுல நான் உன்னத் தேடறாப்புல இருக்கு. பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கும்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறைக்க வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை. என்னிடம் என்ன மறைப்பது என்று நினைத்திருப்பாள்.

"தேடனியாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோபத்தோடு சொன்னாள், என்னவோ நான்தான் அவளுக்குக் குறை வைத்ததுபோல.

"காலைல இருந்து அவங்க உன்ன ஏ வீடியோ, ஏ வீடியோன்னு கூப்பிட்டுக்கினு இருந்தாங்க. நீயும் வந்துட்டேன் சார், வந்துட்டேன் சார்னு ஓடிக்கினு இருந்த. முதுகெல்லாம் வேர்வை. அப்புறம் அதே ஆள மேல ஏத்தி, இவன்தான் என் கூடப்பொறந்தவன்னு அவங்ககிட்ட எப்படிடா சொல்றது? பொண்ணு போய் வாழ வேண்டிய வூடுடா அது."

"நீதானக்கா என்ன வீடியோ எடுக்கச் சொன்ன."

"சொன்னேன். சும்மா வந்து ரெண்டு படம் புடிப்பன்னு பாத்தேன். கூலிக்காரன் மாதிரி இப்படி ஓடுவன்னு நான் கண்டனா?"

நான் படத்தை நிறுத்தினேன். பேசினால் வாயிலிருந்து வேறு ஏதாவது வந்துவிடும். என் வேலையை அவள் பார்த்தது கல்யாணத்தன்றுதான் முதல் தடவை. இத்தனை வருடம் தம்பி ஸ்டுடியோ வைத்திருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், அந்த வேலை என்னவென்று மண்டபத்தில்தான் கண்டாள். கண்டதும் வெட்கமாகிவிட்டது.

என் அப்பா, உங்கள் தாத்தா, அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். ஷிஃப்ட் முடித்து, சுரங்கத்திலிருந்து ஆட்களை ஏற்றி வருகிற கேஜில் ஏறி மேலே வரும்போது பல்லைத் தவிர எல்லாம் கறுப்பாக இருப்பார். அந்த மனிதர் அப்படியே தெருவில் நடந்து வரும்போது ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறவள் அக்கா. அவளுக்கு வேர்வை புதிதில்லை. மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறபோதுதான் அது அவளுக்கு நாறியிருக்கிறது.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "நான் பாக்கற எடத்துல கொஞ்சம் மெதுவா வுடு. பாட்டு கீட்டு போட்டா நல்லா இருக்கும்."

செய்தேன். வீட்டார் சொன்னதைச் செய்வதுதான் வழக்கம், அவள் வீட்டுக் கல்யாணம், அவள் சொன்னாள். ஐயர் மைக்கில் கூப்பிடுகிற இடத்தில் என் கேமரா. அக்கா நிமிர்கிறாள். அதை மெதுவாக்கினேன். கண் மெல்லத் திறக்கிறது, உதடு அசைகிறது, காதோரம் முடி ஆடுகிறது. அடியில் புல்லாங்குழல் வைத்தேன். அடுத்த தட்டலில் பின்பக்கக் கேமரா, அண்ணன் குனிந்து பட்டம் கட்டுகிறார். பக்கவாட்டுக் கேமரா அந்த இடத்தில் ஒரு கணம்கூட வரவில்லை. தொழில் என்று பார்த்தால் நன்றாகத்தான் வந்திருக்கிறது. நான் செய்ததிலேயே அந்த ஒரு இடத்துக்குத்தான் பலர் அழுதிருக்கிறார்கள்.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அது பேத்தமங்களாவிலும் பங்காருப்பேட்டையிலும் பெங்களூரிலும் வீடு வீடாகப் போனது. போனிலும் அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பிக்கொண்டார்கள். பிறகுதான் பேச்சு வந்து சேர்ந்தது. பாவம், கூடப்பிறந்தவள் எப்படித் தேடுகிறாள் பார், இவன் கேமராவைப் பிடித்துக்கொண்டு கல்லு மாதிரி நிற்கிறான் பார் என்று. என் சித்தி முறைக்காரி ஒருத்தி மார்க்கெட்டில் என்னை நிறுத்தி, "அக்கா கண்ணால கூப்பட்டாளேடா, உனக்குத் தெரியலயா?" என்று கேட்டாள். மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையால் நான் கோர்த்த படம், என் கழுத்துக்கே சுருக்காக வந்து நின்றது. படத்தில் இருக்கிறதே, நான் எதைச் சொல்லி மறுப்பது?

பக்கவாட்டுக் கேமராவில் எடுத்தது இருந்தால் காட்டிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. படம் கொடுத்து முடிந்ததும் கார்டுகளையும் டிஸ்கையும் அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துப்போவோம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நம்மிடம் இடம் ஏது? அழிக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டபோது நான் சிறிது நேரம் கையைத் தூக்கிக்கொண்டிருந்தேன், அது உண்மை. வைத்துக்கொண்டு யாருக்குப் போட்டுக் காட்டுவது? உங்கள் அம்மாவுக்குக் காட்டத் தேவையில்லை. ஊருக்குக் காட்டினால் அக்கா தலைநிமிர முடியாது. அழித்துவிட்டேன். மறுநாள் அதே கார்டில் பூதிகோட்டையில் ஒரு காதுகுத்து எடுத்தோம்.

மாமாவிடம் மட்டும் போய்ப் பேசினேன். வாசலில் நின்றவரைத் திருப்பி அனுப்பியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் வயலில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மைக் காரணத்தைச் சொல்லவில்லை, அன்றைக்கு வீட்டில்தான் இருந்தேன், உடம்பு சரியில்லை மாமா என்றேன். அவர், பலாச்சுளை இனித்ததா என்று கேட்டார். இனித்தது என்றேன்.

போன வாரம், நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், உங்கள் அத்தை மகள், அந்தக் கல்யாணப் பெண், வந்திருந்தாள். கைக்குழந்தையோடு. பெங்களூரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்தவள், பஸ் ஏறி என்னைப் பார்க்கவென்றே இங்கே வந்திருக்கிறாள். குழந்தையை என் மடியில் போட்டாள். அது என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. உங்கள் அம்மா அவளுக்குத் தோசை வார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டே, சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு. நீங்க வருவீங்கன்னு நான் தலையக் குனிஞ்சுக்கினே இருந்தேன். பட்டம் கட்டனப்ப கை வேறயா இருந்துச்சு. நிமிந்து பாத்தா பெரிய மாமா. அம்மாகிட்ட கேட்டேன். கேமராவ வுட்டுட்டு வரமாட்டேன்னு நீங்க சொல்லிட்டதா சொன்னாங்க. அப்படியா சொன்னீங்க?"

அடுப்படியில் தோசைக்கரண்டிச் சத்தம் நின்றது. உங்கள் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் மடியில் இருந்தது அக்காவின் பேரப்பிள்ளை. எதிரில் இருந்தது அக்காவின் மகள். நான் இல்லை என்று சொன்னால், அடுத்த கேள்வி, அப்படியென்றால் அம்மா ஏன் சொன்னாள் என்பதுதான். அதற்குப் பதில் சொன்னால் அவள் தன் புகுந்த வீட்டுக்காரர்களையும் வேறு கண்ணோடு பார்ப்பாள், பெற்றவளையும் வேறு கண்ணோடு பார்ப்பாள்.

"ஆமாம்மா" என்றேன். "நல்ல ஃபிரேமு. வுட மனசு வரல."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. "உங்களுக்கு நான் பெரிசா கேமரா பெரிசான்னா கேமராதான்" என்று சொல்லி, குழந்தையை வாங்கிக்கொண்டாள். மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். எப்போதும் போகும்போது என் காலைத் தொட்டுவிட்டுப் போகிறவள், அன்றைக்குக் குழந்தை அழுகிறது என்று அப்படியே போய்விட்டாள்.

உங்கள் அம்மா தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பொண்ண இப்படி அனுப்பிட்டீங்களே, இதுக்கு உங்க அக்காவே தேவலாம்" என்று மட்டும் சொன்னாள்.

நீங்கள் இருவரும் அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்லக்கூடாது. உங்கள் அத்தையிடமும் கேட்கக்கூடாது. அவள் வந்தால் தண்ணீர் கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள், எப்போதும்போல அத்தை என்று கூப்பிடுங்கள். எனக்கு இன்னும் அக்கா என்று சரியாகக் கூப்பிட வரவில்லை. போனில் பேசினால், சொல்லுங்க என்றுதான் வாயில் வருகிறது.